ஏழாம் வாய்ப்பாடும் இருபத்தாறு கிலோ அரிசியும்

என் மண்டையில் எண்கள் தங்குவதில்லை. முகம் நிற்கும், ராகம் நிற்கும். விலை மட்டும் கடைப்படி இறங்குவதற்குள் பறந்துவிடும். இன்று இதற்கு டிஸ்கால்குலியா என்று மரியாதையான பெயர் இருக்கிறது, பரிவோடு பேச நிபுணர்களும் இருக்கிறார்கள். எண்பதுகளில் ஏழாம் வாய்ப்பாட்டில் திணறியவனுக்கு ஒரே சிகிச்சை, பெஞ்சு மேல் நிற்பது. ஆனால் பரிவே இல்லாத அந்தக் காலத்தில் மளிகை வாங்க நான் சிரமப்பட்டதே இல்லை.

பணத்துக்கு அப்போது உருவம் இருந்தது. ஐந்து பைசா சதுரம். பத்து பைசாவின் விளிம்பு முழுக்க நெளிநெளியாக இருக்கும். இருபது பைசாவுக்கு ஆறு மூலை. சட்டைப்பைக்குள் விரலை விட்டாலே கையிருப்பு தெரிந்துவிடும்.

விலையை நினைவில் வைப்பதோ அண்ணாச்சியின் வேலை. எங்கள் மாத லிஸ்ட் மஞ்சளில் தொடங்கும்; அதில் அளவு இருக்கும், விலை இருக்காது. காதில் செருகிய பென்சிலை எடுத்துப் பொட்டலத் தாளின் ஓரத்திலேயே கூட்டிப் பார்ப்பார். பிறகு நீள நோட்டில் எங்கள் பக்கத்தில் ஏற்றுவார். செலவு எல்லை மீறினால் எச்சரிக்கையும் அங்கிருந்தே வரும்: "தம்பி, பழைய பாக்கியே நிக்கி. இந்த மாசம் முந்திரி வேண்டாம்னு அம்மாட்ட சொல்லு, என்னா?" வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் எங்கள் நிதிநிலை தெரிந்துவிடும். மானம் போகும், பணம் போகாது.

அம்மாவின் பட்ஜெட்டிலும் எண் கிடையாது. துவரம்பருப்பு டப்பாவின் உள்பக்கம் ஆணியால் கீறிய ஒரு கோடு உண்டு. இருபதாம் தேதிக்கு முன்பே பருப்பு அதற்குக் கீழே இறங்கினால், மறுநாள் முதல் சாம்பார் ரத்து, ரசம் அமல். அந்த பட்ஜெட்டில் துண்டு விழுந்து நான் பார்த்ததில்லை.

2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாமல் போயின. 2016-ல் யுபிஐ வந்தது. பணத்துக்கு மிச்சமிருந்த உருவமும் கரைந்து வெறும் எண்ணாயிற்று.

இப்போது எல்லாமே சுலபம் என்கிறார்கள். பில் போடும் பெண் முதலில் போன் நம்பர் கேட்கிறாள், பத்து இலக்கம். அடுத்து பின் நம்பர். வீட்டுக்கே வரவழைத்தால் கதவருகில் ஓடிபி. ஒரு கட்டு கொத்தமல்லிக்கு முன் இத்தனை வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. பெஞ்சு மட்டும்தான் இல்லை.

எனக்கு மறக்காத விலை ஒன்று உண்டு: பத்து ரூபாய் பிஸ்கட். தயாரிப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. விலையைத் தொடாமல் கிராமைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். எடையில் மனப்பாடமாயிருந்தது 25 கிலோ அரிசிச் சிப்பம். 2022 ஜூலையில், 25 கிலோ வரை பையிலடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஆலைக்காரர்கள் யோசித்தார்கள், 26 கிலோ சிப்பம் பிறந்தது. வரி போட்டவர்களும் வரிக்குத் தப்பியவர்களுமாகச் சேர்ந்து, நான் பாடுபட்டு ஏற்றிவைத்திருந்த எண்ணை அழித்துவிட்டார்கள்.

மறதிக்காரனுக்கென்றே செயலிகள் இருக்கின்றன. மாதக் கடைசியில் வண்ண வட்டம் வரைந்து, உணவுச் செலவு எகிறிவிட்டது என்று காட்டும். அண்ணாச்சி செலவுக்கு முன்னால் சொன்னதை இது செலவான பிறகு சொல்கிறது. ரகசியம் காக்கிறதா என்றால் அதுவும் இல்லை: கல்லாவில் உள்ள பெட்டி நான் கட்டிய தொகையைத் தெருமுனை வரை கேட்கும்படி அறிவிக்கிறது.

ஆக, மானம் முன்போலவே போகிறது. கூடவே பணமும் போகிறது. முந்திரி வேண்டாம் என்று சொல்லத்தான் ஆளில்லை. போன வாரம் முந்திரியைத் தொட்டதும் செயலி அக்கறையாகச் சொன்னது: இதை வாங்கியவர்கள் பாதாமும் வாங்கினார்கள்.