நூற்றொன்றின் வகுபடாமை: மொய் மேசையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: கல்யாண மண்டப வாசல். சந்தனக் கிண்ணத்தைத் தாண்டியதும் ஒரு மேசை. ஒருவர் கவரைப் பிரித்து, "மேலத்தெரு மாமா, நூத்தியொண்ணு" என்று குரல் கொடுக்க, மற்றவர் நோட்டில் ஏற்றுகிறார். நூறாக ஏன் இல்லை என்பதே ஆய்வு வினா.

முந்தைய கொள்கை: பூஜ்யத்தில் முடிந்தால் உறவும் முடிந்துவிடும் என்பர் பெரியோர். கருத்து சரி, நிரூபணம்தான் இல்லை. அக்குறையை இக்கட்டுரை போக்குகிறது.

முதல் தேற்றம்: 100-க்கு 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100 என ஒன்பது வகுஎண்கள். அண்ணன் தம்பி இருவரோ நால்வரோ ஐவரோ, வில்லங்கமின்றிப் பாகம் பிரித்துக்கொள்ளலாம். கவரில் ஒட்டிய ஒற்றை நாணயம் சேர்ந்ததும் கதை மாறுகிறது. 101 பகா எண். மூன்றிலக்கப் பகா எண்களில் முதலாவது. பாகம் கேட்போர் 101 பேராக வந்தால்தான் ஆளுக்கொரு ரூபாய் தேறும்.

இரண்டாம் தேற்றம்: ஈரிலக்க எண் எதையும் 101-ஆல் பெருக்கினால் அதே எண் இருமுறை வரும். 27 கவர் என்றால் 2,727. 36 என்றால் 3,636. மொய் எழுதுபவருக்குக் கால்குலேட்டர் தேவையில்லை, பந்திக்கு முந்தலாம்.

மூன்றாம் தேற்றம்: பெரிய மனிதர் ஒருவர் இதே பாணியில் 10,101 எழுதினாலும் பயனில்லை. அது 3 × 7 × 13 × 37. ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வந்து, ஒன்றில் தொடங்கி ஒன்றில் முடியும் 101, 10101, 1010101 என்ற வரிசை எவ்வளவு நீண்டாலும் அதில் பகா எண் 101 மட்டுமே. இது முறையாக நிரூபிக்கப்பட்ட உண்மை. பணக்காரச் சித்தப்பாக்கள் மனம் தளர வேண்டாம். கணிதத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது.

சிக்கல்: 101 ஒரு விகடகவி எண், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. மொய்க்கு இவ்விதி செல்லாது. இருபது வருஷத்துக்கு முன் வந்த 101-க்கு இன்று 101 மட்டும் திருப்பிச் செய்தால், பழைய நோட்டைப் புரட்டும் அத்தையின் முகம் போகும் போக்கைக் கணிதத்தால் விளக்க இயலாது. மேல்போட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் 201 = 3 × 67. 301 = 7 × 43. 501 = 3 × 167. புகழ்பெற்ற 1,001-ஓ 7 × 11 × 13. கௌரவம் கூடக் கூட உறவு வகுபடுகிறது.

பரிந்துரை: வகுபடாமல் உயர வழி உண்டு. 151, 251, 401, 601 அனைத்தும் பகா எண்களே. ஆகவே 501 எழுத வந்தவர்கள் இனி 601 எழுதுக. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இதை ஏகமனதாக ஆதரிக்கின்றனர். சாப்பிட்டுக் கை கழுவி மேசைக்கு வந்தோர் தரப்பில் மட்டும், 401-உம் பகா எண்தானே என்றொரு திருத்தம் முன்மொழியப்பட்டுள்ளது.