வண்டுக்கு ஹீட்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

"ஒரு கறிவேப்பிலைச் செடிக்கு இவ்வளவு பாடாடா?" என்று போனில் கேட்டாய். பின்னால் அத்தான் சிரித்ததும் காதில் விழுந்தது. எழுதினால்தான் உங்களுக்கெல்லாம் புரியும்.

வீட்டுக்குப் பின்னால் கன்சர்வேட்டரி என்று ஒரு கண்ணாடி அறை. டிசம்பரில் லெஸ்டரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். குளிர் தாக்கினால் கறிவேப்பிலை முறைத்துக்கொண்டு இலையை உதிர்க்கும். ஹீட்டர் போட்டால் காற்று வறண்டு சிவப்புச் சிலந்தி வரும். இது போதாதென்று குட்டை வாழை, மல்லிகை எல்லாவற்றிலும் மாவுப்பூச்சி.

நீயானால் வேப்பெண்ணெயைக் கரைத்து அடித்திருப்பாய். இங்கே அதைப் பூச்சிமருந்து என்று சொல்லி விற்க அனுமதி இல்லை. அதனால் இலைக்கு மினுமினுப்பு தரும் எண்ணெய் என்று எழுதி விற்கிறார்கள். நம் வேப்ப மரத்துக்கு வந்த கதியைப் பார்!

கடைசியில் காசு கொடுத்து வண்டு வாங்கினேன். பெயர் க்ரிப்டோலேமஸ், பூர்வீகம் ஆஸ்திரேலியா. தபாலில், டப்பாவில் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு சீட்டு: அறைச் சூடு 20 டிகிரிக்குக் குறையக் கூடாது, சாயங்காலமாகத் திறந்துவிட வேண்டும், மருந்து எதுவும் தெளிக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை நிபந்தனை போட்டதில்லை. நான் ஹாலில் ஸ்வெட்டரோடு நடுங்க, அவர்களுக்கு ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடுகிறது. இதில் இன்னொரு கூத்து. வண்டின் புழுவும் மாவுப்பூச்சி மாதிரியே உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சோடு திரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கொஞ்சம் பெரிதாக, விறுவிறுவென்று ஓடுவது நம்மாள். உட்கார்ந்த இடத்திலேயே சாறு உறிஞ்சுவது எதிரி. உன் தம்பி பெண்டாட்டி ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக்கொண்டு கிளம்பினால் இரண்டு கட்சிக்கும் ஒரே தீர்ப்புதான். பூச்சியைத் தின்று தீர்த்தாலும் நிம்மதி இல்லை. தீனி இல்லாமல் வண்டு போய்ச் சேரும். பூச்சி திரும்ப வரும். நான் திரும்ப டப்பா வாங்க வேண்டும்.

லண்டன் கியூ தோட்டத்தில் 1848இல் கட்டி முடித்த பனை மாளிகை இருக்கிறது. 1775இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சைகாட் வகைச் செடி ஒன்று இன்னும் அங்கே தொட்டியில் நிற்கிறது. அதற்கு அனல் மூட்ட ராஜாங்கம் இருந்தது. எனக்கு வருவது கரண்ட் பில்.

பெல்கிரேவ் ரோட்டுக் குஜராத்திக் கடைகளில் கறிவேப்பிலை பாக்கெட்டில் கிடைக்கும்தான். ஆனால் வேலை விட்டு வந்ததும் அந்தப் புழுக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தால், நம் கொல்லைப்பக்கம், கிணற்றடி, நீ தேங்காய் துருவுகிற சத்தம் எல்லாம் வந்துவிடுகிறது. அதை எந்தக் கடையில் வாங்க?

ஏப்ரலில் வரும்போது கன்று எதுவும் கொண்டுவராதே. சான்றிதழ் இல்லாவிட்டால் ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். வடாம் போதும். அத்தானிடம் சொல்லிவிடு, அவருக்குப் படுக்கை வண்டுகளோடுதான். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான்.

அன்புடன்,
உன் தம்பி