சோக்கை எடுத்தால் அணையும் வண்டி

கேள்வி: அப்பாவின் 1994 ஆர்.எக்ஸ். 100 பைக் ஆறு மாதம் சும்மா நின்றது. இப்போது சோக் போட்டால்தான் ஓடுகிறது, எடுத்ததும் அணைந்துவிடுகிறது. கார்ப்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மாற்றாதீர்கள்! மூக்கடைப்புக்கு யாராவது மூக்கையே மாற்றுவார்களா? சோக் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கிறது, எடுத்தால் இன்ஜினுக்குப் பட்டினி. பெரும்பாலும் கார்ப்பரேட்டருக்குள் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டில் அடைப்புதான். தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படியும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஜெட்டின் துளைதான் முதலில் மாட்டும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒளி தெரியாவிட்டால் குற்றவாளி சிக்கிவிட்டார்! கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்றுப் பிடித்து ஊதுங்கள். ஊசியோ கம்பியோ வேண்டவே வேண்டாம். பித்தளை மென்மையானது; துளை பெரிதானால் வண்டி பெட்ரோலைக் குடித்துப் புகையைக் கக்கும்.

டேங்கில் உள்ள பழைய பெட்ரோலையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். அப்புறமும் அதே கதையென்றால், கார்ப்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். திருட்டுக் காற்று அந்த வழியாகத்தான் நுழையும். அசல் மிகுனி கார்ப்பரேட்டர் என்றால் பத்திரம், அது அப்பாவின் சொத்து! இனி நெடுநாள் நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.