கொடிமுடிச்சியல்: ஓர் அறிமுகம்

சுதந்திர தினத்தைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் கொடியைப் பார்த்தார்கள், கயிற்றைப் பார்த்தாரில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது. (நெறியாளர் இதைப் படிக்காமலே ஒப்பமிட்டார், ஆகவே மரபு வழுவவில்லை.)

முதற்கண் அறிஞருலகின் பழம்பூசல் ஒன்று. ஆகஸ்ட் 15-ல் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். ஜனவரி 26-ல் உச்சியில் கட்டியிருப்பதை விரிக்க வேண்டும். இது தெரியாதவன் இந்தியனே அல்லன் என்று என் பெரியப்பா ஆண்டுக்கு இருமுறை குடும்ப வாட்ஸ்அப்பில் நிறுவுகிறார். கள ஆய்வு வேறு சொல்கிறது. நான் படித்த பள்ளியில் இரண்டு நாளும் கொடி உச்சியிலேயே பொட்டலமாகக் காத்திருந்தது. எனவே 'கொடியேற்றம்' என்பது ஆகுபெயரா, இடக்கரடக்கலா என்பது ஆராயத்தக்கது. நான் ஆராயப்போவதில்லை.

மிட்டாய்: ஆரஞ்சுச் சுளை வடிவினது, உள்ளங்கையில் ஒட்டும்.

உறவினர் வருகை: பதினைந்தாம் தேதி வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் நிகழும்.

இனி முடிச்சு. கொடிக்குள் எதையும் பொதிந்து வைக்கலாகாது என்பது 2002-ம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு. தேசிய விழா நாட்களில் மலரிதழுக்கு மட்டும் விலக்கு உண்டு. விதி செய்தவர்கள் இதழை நினைத்தார்கள்; காம்போடு சிறப்பு விருந்தினர் தலையில் இறங்கும் சாமந்தியை நினைக்கவில்லை.

முடிச்சு மூவகைப்படும்: இழுத்ததும் அவிழ்வது, இழுக்குமுன் அவிழ்வது, இழுக்க இழுக்க இறுகுவது. முதல் வகையில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதன்போது பி.டி. வாத்தியார் சொன்னது அச்சேறாது. மூன்றாவதே நம் பொருள்.

விருந்தினர் இழுக்கிறார். மேலே பார்க்கிறார். சிரிக்கிறார். மறுபடி இழுக்கிறார். சல்யூட் அடித்த என்.சி.சி. பையனின் கை புருவத்தருகே நடுங்குகிறது. பாட்டு டீச்சர் திறந்த வாயை மூடுவதா பாடுவதா என்று தவிக்கிறார். ஹெட்மாஸ்டர் பி.டி. வாத்தியாரைப் பார்க்க, அவர் பியூனைப் பார்க்கிறார். பார்வை மேலிருந்து கீழாக ஒரே சீராக ஓடுவதால் இதனை ஆற்றுநீர்ப் பொருள்கோள் என்க.

இந்நிலை எவ்வளவு நேரம் நீடிக்கும்? ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் மூன்றாம் பெஞ்சில் காம்பஸ் முனையால் பொறித்த கல்வெட்டு (மரவெட்டு எனப் பாடபேதம்) 'ரொம்ப நேரம்' என்கிறது. அதன் வலப்பக்கம் சிதைந்துள்ளது. சிதைந்த இடத்தில் இருந்தது பி.டி. வாத்தியாரின் பட்டப்பெயர் என்பர் ஒரு சாரார். அம்பு பாய்ந்த இதயம் என்பர் மறுசாரார். இரண்டுமே இடைச்செருகல் என்பார் ஒருவர், அவர் அந்தப் பெஞ்சையே பார்த்ததில்லை, அதனால் அவர் கருத்தே அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. இம்மூவரும் கூடிய கருத்தரங்கில் மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததாக ஓர் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. வேறு முடிவுகள் எட்டப்பட்டதற்குச் சான்றில்லை.

தாமதம் விழாவுக்கு இழுக்கு என்பாருக்கு விடை: 1947-ல் செங்கோட்டையில் நேரு கொடியேற்றியதே ஆகஸ்ட் 16-ம் தேதிதான். நம் புனித ஜார்ஜ் கோட்டையிலோ, சுதந்திர தினத்தில் ஆளுநருக்குப் பதிலாக முதலமைச்சர் கயிற்றைப் பிடிக்க 1974 ஆகிவிட்டது; கலைஞர் கேட்டு வாங்கிய உரிமை அது. இருபத்தேழு ஆண்டு பொறுத்த நாட்டுக்கு, ஒரு முடிச்சு அவிழும்வரை நிற்க முடியாதா என்ன?

அன்று நடந்ததற்கு மேற்கோள் கிடையாது, நான் பார்த்தது. பியூன் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கயிற்றை மறுபக்கமாக ஒரு சுண்டு சுண்டினார். கொடி விரிந்தது. கைதட்டல் விருந்தினருக்குப் போயிற்று. கம்பத்தடியில் உதிர்ந்த பூவையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு அவர் வருவதற்குள் மிட்டாய்த் தட்டு காலி.

நான் இரண்டு எடுத்திருந்தேன்.