மருமகனும் ஓஎஸ்பிஎஃப் 10ம்

மருமகனே, கொழும்புக்குப் போய் ரவுட்டர் வேலை படிச்சிட்டு வந்தீங்க, சந்தோஷம். உச்சமுனைக் கரையில இப்படியொரு மூளை விளையும் எண்டு ஆரு கண்டது! ரவுட்டருகள் ஒண்டுக்கொண்டு பாதை சொல்லுற ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகோல், ஒரு ரவுட்டரில ஓஎஸ்பிஎஃப் 1, மற்றதில ஓஎஸ்பிஎஃப் 10 எண்டு கிடந்ததைக் கண்டு, விடிய விடிய இருந்து ரெண்டையும் 1 ஆக்கினீங்களாம். ஆக்கின பிறகும் ரெண்டும் முகம் பார்க்கல்லயாமே?

உங்கட படகை வீட்டில ‘ராசா’ எண்டு கூப்பிட்டா என்ன, ‘குட்டி’ எண்டா என்ன, பக்கத்துப் படகுக்காரனுக்கு அதால ஒரு நட்டமும் இல்ல. கடற்றொழில் திணைக்களம் குடுத்த நம்பரைத்தான் கடலில பார்ப்பாங்க. ரவுட்டர் ஐடி அந்த நம்பர். அது ரெண்டுக்கும் ஒண்டா இருந்தாத்தான் வில்லங்கம். நீங்க மாத்தின அந்த 1ம் 10ம் புரொசஸ் ஐடி, அது வீட்டுப் பெயர். 1இலிருந்து 65535 வரைக்கும் விரும்பினதை வைங்க, வெளியில போற பக்கெட்டில அது ஏறாது. ஜோன் மோய் 1998இல எழுதின ஆர்எஃப்சி 2328ஐப் பிரட்டிப் பாருங்க: ஹெடரில ரவுட்டர் ஐடி இருக்கு, ஏரியா ஐடி இருக்கு, உங்கட நித்திரையைத் திண்ட நம்பர் மட்டும் இல்ல.

உங்களைக் கெடுத்தது ஈஐஜிஆர்பி எண்ட மற்றப் பாதைப் புரோட்டோகோல். அதில ரவுட்டர் ஈஐஜிஆர்பி 100 எண்டு அடிச்சா, அந்த 100 ரெண்டு பக்கமும் ஒத்துப்போகத்தான் வேணும். கட்டளை ஒரே சாயல், குணம் வேற.

ஒரே ரவுட்டரில 1ம் 10ம் சேர்த்து ஓடவிட்டாத் தனித்தனி டேட்டாபேஸ். நீங்களா ரீடிஸ்ட்ரிபியூட் செய்யாட்டி, ஒண்டு படிச்ச பாதையை மற்றது அக்கம்பக்கத்துக்குச் சொல்லாது. எம்பிஎல்எஸ் விபிஎன் பக்கம் போனா இன்னொரு கூத்து: சிஸ்கோவில நீங்க டொமைன் ஐடி குடுக்காட்டி புரொசஸ் நம்பரிலயிருந்தே அதை எடுத்துக்கொள்ளும், நம்பர் மாறினா உள்பாதை வெளிப்பாதையாத் தெரியும். அங்க முழிச்சிருந்தா நானே தேத்தண்ணி ஊத்தித் தருவன்.

இப்ப ஏரியா ஒண்டா, மாஸ்க் ஒண்டா, பாஸ்வேர்ட் ஒண்டா பாருங்க. ஈதர்நெட்டில ஹலோ 10 செக்கன், டெட் 40. ஒரு பக்கம் மாத்தி வச்சிருந்தா அயலே பிடிக்காது. எக்ஸ்ஸ்டார்ட் நிலையில நிண்டு முனகினா எம்டியூவைப் பாருங்க. ஃபுல் எண்டு வந்தாப் போய்ப் படுங்க. அந்த 10ஐத் திரும்பப் போட்டாலும் ஒண்டும் குறையாது.