ஆடினால் கட்டடம் நிற்கும்

ஒரு கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் நாம் என்ன செய்வோம்? வக்கீலைப் பிடிப்போம். ஸ்டே வாங்குவோம். கவுன்சிலர் வீட்டு வாசலில் மனுவோடு நிற்போம். எதற்கும் இருக்கட்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக வாசலில் ஒரு பிள்ளையாரை உட்கார வைத்துவிடுவோம். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று பேருக்கு இதெல்லாம் தோன்றவில்லை. அவர்கள் ஆடினார்கள். கட்டடம் தப்பித்தது.

படத்தின் பெயர் ‘பிரேக்கின் 2: எலெக்ட்ரிக் பூகலூ’. நாலு பேர் கூடிய இடத்தில் பிடித்த படம் எது என்று கேட்டால் ‘பதேர் பாஞ்சாலி’ என்று சொல்லப் பழகி வைத்திருக்கிறேன். அதுவும் பிடிக்கும்தான். ஆனால் காய்ச்சலில் கிடக்கும்போது, சம்பள உயர்வு கைநழுவிய அன்று, சொந்தக்காரர் கல்யாணத்தில் சாம்பாருக்காக இரண்டு சம்பந்திகளும் சண்டை போட்டுக்கொண்ட அன்று, எதைப் போட்டுப் பார்க்கிறேன் என்பது வேறு விஷயம்.

கதை இதுதான். மிராக்கிள்ஸ் என்று ஒரு சமூகக் கூடம். ஓசோன், டர்போ என்ற இரண்டு பேர் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறார்கள். அதை இடித்துவிட்டு ஷாப்பிங் மால் கட்ட ஒரு கோட்டு போட்ட மனிதர் வருகிறார். கூடம் தப்ப 2 லட்சம் டாலர் வேண்டும். அவர்களுடைய தோழி கெல்லி பணக்கார வீட்டுப் பெண். அவள் ஆடுவதும் அவள் சகவாசமும் வீட்டில் பிடிக்கவில்லை. பணக்காரப் பெண், தெருவோரத்துப் பையன்கள், முகம் சுளிக்கும் அப்பா, புல்டோசர். இந்தக் கதைக்கு நமக்கு சப்டைட்டில் தேவையே இல்லை. எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்தவனுக்கு அடுத்த காட்சி என்ன என்பது டைரக்டருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

நான் இதை முதலில் பார்த்தது டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி, விடிய விடியப் படம் பார்த்த காலத்தில். மூன்று தமிழ்ப் படங்களோடு ஒரு இங்கிலீஷ் படம் என்பது அன்றைய எழுதாத சட்டம். கேசட்டின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் ‘பிரேக் டான்ஸ் – 2’ என்று எழுதியிருந்தது. முதல் பாகம் கடையில் இல்லை. அதைப் பார்க்காததால் எங்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. இரண்டாம் பாகத்தை மட்டும் பார்த்தாலே போதும் என்று சொல்லத்தக்க படங்கள் உலகத்தில் குறைவு. இரண்டு பாகத்தையும் பார்க்காமல் இருக்கலாம் என்று சொல்லத்தக்கவை ஏராளம். அதில் இதையும் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

இந்தப் படம் பிறந்த விதமே ஒரு காமெடி. தயாரித்தது கேனன் ஃபிலிம்ஸ். மெனஹெம் கோலன், யோரம் க்ளோபஸ் என்று இஸ்ரேலிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் நடத்திய கம்பெனி. நிஞ்சா படம், சார்லஸ் பிரான்சன் துப்பாக்கிப் படம், எது ஓடுமோ அது. தெருவில் பையன்கள் தலைகீழாகச் சுழல்கிறார்கள் என்று தெரிந்ததும், இன்னொரு கம்பெனி ‘பீட் ஸ்ட்ரீட்’ படத்தைக் கொண்டுவருவதற்குள் ‘பிரேக்கின்’ முதல் பாகத்தை 1984 மே 4-ஆம் தேதி இறக்கிவிட்டார்கள். அந்த வார வசூலில் அதுதான் முதலிடம். உடனே இரண்டாம் பாகம். அதே வருஷம் டிசம்பர் 21-ல் அது தியேட்டரில். ஏழரை மாதம்! எங்கள் வீட்டு மாடிப்படிக்கு டைல்ஸ் ஒட்ட இதைவிட அதிக நாள் ஆனது.

இயக்க ஆள் வேண்டுமே? கையில் இருந்தவர் சாம் ஃபர்ஸ்டன்பர்க், நிஞ்சா படங்கள் எடுத்தவர். கெல்லியாக ஆடிய லூசிண்டா டிக்கி அதே 1984-ல் அவருடைய ‘நிஞ்சா 3’ படத்திலும் நாயகி. செத்துப்போன நிஞ்சாவின் ஆவி புகுந்த பெண்ணாக வருவார். ஒரே வருஷத்தில் இரண்டு ஆட்டப் படம், ஒரு பேய்ப் படம். நம் கோடம்பாக்கத்து நாயகிகள் இதைக் கேட்டால் சாதாரணமாகத் தலையாட்டுவார்கள்.

முதல் பாகம் அமெரிக்காவில் சுமார் 3 கோடியே 80 லட்சம் டாலர் வசூலித்தது. இரண்டாவதுக்கு அதில் பாதிகூட வரவில்லை. ஆனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தேவையில்லாமல் ஒரு இரண்டாம் பாகம் வந்தால் அதன் வாலில் ‘எலெக்ட்ரிக் பூகலூ’ என்று ஒட்டிக் கிண்டல் செய்வது அங்கே இன்றுவரை வழக்கம். கிண்டல் செய்கிறவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்வேன்.

பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிக் காட்சியைப் பற்றி அல்லவா பேசியிருப்பார்கள். டர்போ அடிபட்டுப் படுத்திருக்கிறான். நண்பர்கள் பார்க்க வருகிறார்கள். நாமாக இருந்தால் ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆறு சாத்துக்குடியும் வாங்கிப் போய், பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன வியாதி என்று விசாரித்துவிட்டு வருவோம். இவர்கள் ஆட்டத்தைக் கொண்டுபோகிறார்கள். தாதிகள் ஆடுகிறார்கள். நோயாளிகள் ஆடுகிறார்கள். ஊன்றுகோலுக்குக்கூட அந்தக் கட்டடத்தில் சும்மா இருக்க அனுமதி இல்லை. கட்டுப்போட்ட காலோடு ஒருவன் ஆடினால் எலும்பு எப்படிக் கூடும் என்று கேட்கும் மனம் எனக்கும் உண்டு. அது அந்தக் காட்சியின் பத்தாவது வினாடியில் ராஜினாமா செய்துவிடுகிறது.

ஓசோனின் உடைகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். தலையில் துணி, கையில் உறை, காதில் தொங்கட்டான், இடுப்பில் பெல்ட்டுக்கு மேல் பெல்ட். கைக்குட்டை கட்டாத அங்கம் ஏதாவது உண்டா என்று நாங்கள் தேடிப் பார்த்தோம். அந்த வருஷம் எங்கள் தெருப் பையன்கள் முழங்காலில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். விழுந்து அடிபட்டுவிட்டதோ என்று பெரியவர்கள் நிறுத்தி விசாரித்தார்கள்.

இவ்வளவு கேலி செய்துவிட்டு ஏன் பிடிக்கிறது என்றால், கதைதான் பொய், கால் பொய் இல்லை. ஓசோனாக வந்த ஷபா-டூ (இயற்பெயர் அடால்ஃபோ கினோனெஸ்) 1970-களில் ‘லாக்கர்ஸ்’ என்ற புகழ்பெற்ற குழுவில் ஆடியவர். ஓடுகிற உடம்பைச் சட்டென்று பூட்டுப் போட்டதுபோல் நிறுத்தி, அடுத்த தாளத்தில் திறந்துவிடும் அந்த ஆட்டத்தை உலகறியச் செய்த குழு அது. நடிப்பதைவிட நிற்பதில் அவருக்கு ஒரு கம்பீரம். 2020 கடைசியில் அவர் இறந்துபோனார் என்று படித்தபோது, பழகிய மனிதர் போனதுபோல் இருந்தது, வேலை ஓடவில்லை. டர்போவாக வந்த மைக்கேல் சேம்பர்ஸுக்கு ‘பூகலூ ஷ்ரிம்ப்’ என்று பட்டப்பெயர். பதின்வயதுப் பையன். தசையை இறுக்கித் தளர்த்தி, விரல் நுனியில் புறப்பட்ட ஓர் அலையைத் தோள் வழியாக மறுகை விரல் வரை அனுப்பிவைப்பான். கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் பூகலூ சாமும் கூட்டாளிகளும் வளர்த்த கலை இது. எங்கள் தெருவில் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்த பாட்டிக்கு ஃப்ரெஸ்னோ தெரியாது. “ஏண்டா, இந்தப் புள்ளைக்கு எலும்பே வைக்கலியா?” என்றாள். அதைவிடச் சரியான விமர்சனம் அந்தப் படத்துக்கு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

டர்போவுக்குக் காதல் வருகிறது. அந்தப் பெண் பேசுவது ஸ்பானிஷ், இவனுக்கோ அதில் ஒரு வார்த்தை தெரியாது. காதல் தலைக்கேறியவன் அறைக்குள் ஆடத் தொடங்கி, சுவரில் ஏறி, கூரையில் நடந்து, மறுசுவர் வழியாகத் தரைக்கு இறங்குகிறான். ஃப்ரெட் அஸ்டேர் 1951-ல் ‘ராயல் வெட்டிங்’ படத்தில் செய்த பழைய வித்தைதான் இது. அறையையே ஒரு பெரிய உருளைக்குள் கட்டி, மேஜை நாற்காலியை ஆணியடித்து, கேமராவை அறையோடு சேர்த்து முடுக்கிவிடுவார்கள். அறை சுற்றும்போது கேமராவும் கூடவே சுற்றும். அதனால் பார்க்கிறவர்களுக்கு அறை அசையாது, ஆள்தான் ஏறுவதாகத் தெரியும். உண்மையில் அவன் எப்போதும் அடியில்தான் இருக்கிறான். சுவர் தரையாக மாறும் அந்த நொடியில் தாளம் தப்பாமல் கால் மாற்ற வேண்டும்; தப்பினால் மூக்கு பெயர்ந்துவிடும். கம்ப்யூட்டர் கைகொடுக்காத காலம்.

இதையெல்லாம் என் அக்கா மகனுக்கு விளக்கினேன். கல்லூரி கல்ச்சுரல்ஸில் ஆடுகிறவன். போன விடுமுறைக்கு வந்தபோது பிடித்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். தெருவே சேர்ந்து ஆடும் முதல் பாட்டு முடிவதற்குள், “மாமா, செம க்ரிஞ்ச் மாமா” என்றான். பாலத்துக்கு அடியில் எதிர்க் கோஷ்டியோடு சண்டை போடாமல் ஆடியே மோதிக்கொள்ளும் இடத்தில் போனை எடுத்துவிட்டான். கூரைக் காட்சியில் போன் சோபாவுக்குப் போயிற்று. “மறுபடி போடுங்க” என்றான். பிறகு ரிமோட்டை அவனே வாங்கி, மெதுவாக ஓடவிட்டு, டர்போவின் முழங்காலை மட்டும் பார்த்தான். க்ரிஞ்ச் என்ற தீர்ப்பை அவன் வாபஸ் வாங்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. எழுந்து நின்று தோளை அப்படி இப்படி அசைத்துப் பார்த்துவிட்டு, “எப்படி மாமா இது?” என்று கேட்டான். ‘எனக்கென்ன தெரியும், எனக்குக் கழுத்து திரும்பினாலே சுளுக்கும்’ என்றேன்.

என் மனைவி இந்தப் படத்தை முழுசாகப் பார்த்ததே இல்லை. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடக்கும்போது துண்டு துண்டாகப் பார்த்துக் கல்யாணத்திலிருந்து இன்றுவரை சேர்த்து வைத்திருக்கிறாள். அன்று ஆஸ்பத்திரிப் பாட்டு ஓடியபோது, கையில் பூரிக்கட்டையோடு வந்து கொஞ்ச நேரம் நின்றாள்.

“என்னங்க, இது அமெரிக்காதானே?”

“ஆமாம்.”

“இத்தனை பேர் அட்மிட் ஆகியிருக்காங்களே, பில்லை யார் கட்டினா?”

கூடத்துக்கு 2 லட்சம் டாலர் என்று சுத்தமாகக் கணக்கு சொன்ன படம், இதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.