எட்டு நாள் கடனுக்கு ஒரு பீட்சா

கேள்வி: இத்தாலியில் கையைக் கடிக்காத விலையில், அவசரத்துக்கு வயிற்றை நிரப்ப எங்கே போகலாம்?

பதில்: நேராக நேப்பிள்ஸுக்கு! மேசை, முள்கரண்டி எதுவும் வேண்டாம்; இரண்டு கைகள் போதும்.

பழைய நகரத் தெருக்களில் பீட்சாக் கடை வாசலிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். உள்ளே தக்காளிச் சாறும் கொஞ்சம் மொஸரெல்லாவும் போட்ட சிறிய பீட்சாக்கள். காசை நீட்டினால், நான்காக மடித்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். முன்னால் குனிந்து கடிக்க வேண்டும். நிமிர்ந்தால் சட்டைக்கும் பங்கு போய்விடும்.

அடுத்தது, பொரித்த பீட்சா. இரண்டாம் உலகப் போர் முடிந்த வறுமைக் காலத்தில் விறகு அடுப்பும் மொஸரெல்லாவும் ஏழைகளுக்கு எட்டவில்லை. அதனால் மாவுக்குள் ரிக்கோட்டா போன்ற மலிவான பூரணத்தை வைத்து மூடி, வீட்டு வாசலிலேயே எண்ணெய்ச் சட்டியில் பொரித்து விற்றார்கள். சாப்பிட்டுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் வசதியும் அப்போது இருந்தது! விட்டோரியோ டி சிக்கா 1954-இல் எடுத்த ‘நேப்பிள்ஸின் தங்கம்’ படத்தில் சோபியா லோரன் அப்படிப்பட்ட கடைக்காரியாகவே வந்து அசத்தினார்.

நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு பெருமை வந்த பிறகும், மடித்த பீட்சா சில யூரோவுக்குக் கிடைக்கிறது. முதலில் அதை வாங்குங்கள். பொரித்ததற்கு ஒரு நண்பரையும் கூட்டிப் போங்கள். ஒன்றே இருவருக்குத் தாங்கும்.